எட்டு டிக்கெட்

— இந்த மிதிபடகுக்கு அரை மணி நேரத்துக்கு டிக்கெட் எடுத்தோம், பத்து நிமிஷத்துலயே முட்டி விட்டுப்போச்சு. நீயும் கொஞ்சம் மிதியேன்க்கா.

— மிதிச்சிட்டுத்தான் இருக்கேன். ஒத்தையா மிதிச்சா கனக்கும்னு இப்பத்தான் தெரியுதா தொரைக்கு?

— ஆரம்பிச்சிட்டியா? அதோ, பொம்மை ரயில் வருது பாரு. அப்பா கையாட்டுறாரு.

— நீயும் ஆட்டு.

— இப்பத்தானே ஆட்டினேன்?

— அது போன சுத்து. அவருக்கு ஒவ்வொரு தடவையும் நம்மளைப் புதுசாப் பாக்குற மாதிரிதான்.

— எத்தனை டிக்கெட் வாங்கிக் குடுத்தே?

— எட்டு.

— எட்டா! பூங்காவையே விலைக்கு வாங்கிட்டே போல.

— சிரிப்பு வரலடா.

— நாளைக்கு நான் ஊருக்குக் கிளம்புறேன். இன்னிக்காவது மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காம இரேன்.

— உன்கூடக் கூட்டிட்டுப் போடான்னு நாலு நாளாக் கெஞ்சினேன்.

— என் பொண்டாட்டி ஒத்துக்க மாட்டாக்கா. நல்ல முதியோர் இல்லமாப் பாரு. பணம் நான் அனுப்புறேன்.

— மூணு இடத்துல கேட்டாச்சு. கதவைத் திறந்துட்டு ஓடுறவங்களைச் சேர்த்துக்க மாட்டாங்களாம்.

— உன் கையால ஊட்டினாத்தான் சாப்பிடுறாரு.

— ராத்திரியில அந்தக் கையை முறுக்கி, ‘திருடி’ங்கிறாரு. விடிஞ்சா, ‘அம்மா, பசிக்குது’ங்கிறாரு. நான் என்னிக்குடா தூங்குறது?

— நீ காலை எடுத்துக்கோக்கா. நானே மிதிக்கிறேன்.

— என்னடா, படகு அந்தக் கரைக்குப் போகுது?

— காத்து தள்ளுது.

— அங்கயும் இறங்கலாமாம். படகுக்காரர் சொன்னாரு. பின்வாசலைத் தாண்டினா பஸ் நிக்கும்.

— ம்.

— அப்பா எங்கன்னு கேக்க மாட்டியா?

— ரயில்லதானே இருக்காரு. இன்னும் சுத்து பாக்கி இருக்கு.

— வெளிய கிளம்புறப்பல்லாம் அவர் கையில என் போன் நம்பரை எழுதி விடுவேனே, தெரியும்ல?

— தெரியும்.

— இன்னிக்கு எழுதல. பழசையும் குளிப்பாட்டும்போது சோப்புப் போட்டுத் தேய்ச்சு அழிச்சுட்டேன். இப்ப யாராவது கேட்டா அவருக்குப் பேர்கூடச் சொல்லத் தெரியாது… திட்டுடா. பாவி, படகைத் திருப்புன்னு சொல்லுடா. நீ சொல்லுவேன்னுதான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன்.

— ரயில்ல கையைப் பிடிச்சு ஏத்திவிட்டது நான்தானேக்கா. அப்பவே பாத்துட்டேன்.