அரைமூட்டையார் கடை

மேடையில் அமர்ந்திருக்கும் உர வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, வேளாண்மை அலுவலர் அவர்களே, வயல் வேலையைப் போட்டது போட்டபடி விட்டு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, முன்வரிசையில் இருக்கும் என் அண்ணி அவர்களே, வணக்கம்.

நம்மை விட்டுப் பிரிந்த அண்ணனை நீங்கள் எல்லோரும் அரைமூட்டையார் என்றுதான் அழைத்தீர்கள். அவரும் அந்தப் பட்டத்தைச் சந்தோஷமாகச் சுமந்தார். ஒரு மூட்டை யூரியா கேட்டு வந்தவரிடம், இப்போதைக்கு அரை மூட்டை போதும், மீதியைப் பிறகு வந்து வாங்கிக்கொள் என்று எந்தக் கடைக்காரராவது சொன்னதுண்டா? பயிரின் இலையைக் காட்டினால்தான் அதுவும் கிடைக்கும் என்று சட்டம் போட்டதுண்டா? எங்கள் கடையில் போட்டார்! அவருடைய கூட்டாளியான நான், கல்லாவில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

அதோ, தலையைக் குனிந்து சிரிக்கிறாரே லாரிக்காரர், லாரியோடு வயலும் வைத்திருப்பவர், அவரைக் கேளுங்கள். ஒரு பனிக்காலத்தில், பக்கத்து வயல் கரும்பச்சையாக நிற்கிறது, என் வயல் மட்டும் வெளிறிக் கிடக்கிறது என்று யூரியாவுக்கு வந்து நின்றார். அவர் கொண்டுவந்த இலையில் கண் வடிவத்தில் புள்ளிகள், நடுவில் சாம்பல் நிறம். நெல்லைக் கருக்கும் குலைநோய்! அண்ணன் மூட்டையின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப யூரியா போட்டா நீ பயிருக்குச் சோறு போடல. பூஞ்சாணத்துக்கு விருந்து வைக்கிற."

பூஞ்சாண மருந்தை மட்டும் கொடுத்து அனுப்பினார். லாரிக்காரர் திட்டிக்கொண்டே போனார். வீடு தேடி வரும் லட்சுமியை விரட்டுகிறாயே என்று நானும் மல்லுக்கு நின்றேன். அறுவடையில், யூரியாவை அள்ளிப் போட்ட அந்தக் கரும்பச்சை வயல் குலைநோயில் பாதி பதராகிப் போனது. லாரிக்காரர் வயலில் கதிர்கள் தலைசாய்ந்து நின்றன. அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு அவர்தான் விளம்பரம்.

கடைசி ஆண்டுகளில் அண்ணனுக்குப் பார்வை மங்கியது. இலையை வாங்கி அண்ணியிடம் நீட்டுவார். புள்ளி உருண்டையா, நீளமா, ஓரம் என்ன நிறம் என்று கேட்பார். அண்ணி சொல்வார், அண்ணன் முடிவு செய்வார். போகப்போக, அவர் கேட்பதற்கு முன்பே அண்ணி முடிவையும் சொல்லத் தொடங்கினார். அண்ணன் பெருமையோடு தலையாட்டுவார். வாசல் வெளிச்சத்தில் இருவரும் ஓர் இலையின் மேல் குனிந்திருந்த அந்தக் காட்சியை இனி எங்கே பார்ப்பேன்?

கடையை விற்றுவிடச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்தினார்கள். இலை பார்க்கத் தெரிந்தவரே போய்விட்டார், இனி என்ன இருக்கிறது என்றார்கள். அண்ணிதான் நிமிர்ந்து சொன்னார்:

"அவருக்குக் கண்ணு தெரியாமப் போனப்பவே கடை நடந்துச்சே. இப்ப மட்டும் எதுக்கு மூடணும்?"

பெருமக்களே, திங்கட்கிழமை காலையில் கடை திறக்கிறது. அண்ணிதான் இலை பார்ப்பார். அண்ணனோடு காலமெல்லாம் சண்டை போட்டவன், இந்தச் சபையில் வாக்குக் கொடுக்கிறேன்: அண்ணி கொடுக்காதே என்று சொன்னால், நான் கொடுக்க மாட்டேன்.