குனியாத தொழுகை

என் பெயரையும் கைதி எண்ணையும் விசாரணை அதிகாரி முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார். வயது நாற்பத்தொன்று. உள்ளே வருமுன் வெல்டிங் வேலை. விலாசம் கேட்டார், தறிக்கூடத்தை ஒட்டிய தொகுதி, கடைசி அறை. ஒரு சண்டையில் ஆள் இறந்துபோன வழக்கில் தண்டனை அனுபவிக்கிறேன். அந்தக் குற்றத்தை நான் மறுக்கவில்லை. முற்றத்தில் ஆட்களைத் திரட்டிக் கலகம் செய்ததாக இப்போது சொல்லப்படுவதை மறுக்கிறேன்.

வெளியே இருந்த காலத்தில் நான் பேருக்குத்தான் முஸ்லிம். பெரியப்பா இறந்தபோது ஜனாஸா தொழுகையில், அதாவது இறந்தவருக்காகத் தொழும் தொழுகையில், முன்வரிசையில் நின்றேன். அதில் குனிவதும் இல்லை, நெற்றியைத் தரையில் வைப்பதும் இல்லை. முடிவு வரை நின்றபடியே தொழ வேண்டும். தெரியாமல் நான் மட்டும் குனிந்துவிட்டேன். தையல்காரரான என் தகப்பனார் வீட்டுக்கு வந்ததும், "நாளைக்கு எனக்கும் நீதானேடா நிக்கணும். அப்பவும் குனிஞ்சு மானத்த வாங்குவியா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அதன் பிறகு சண்டை, வழக்கு, சிறை. இங்கே மார்க்கம் படிக்கத் தொடங்கியது பக்தியால் அல்ல, பொழுது போகாமல்தான். பக்கத்து அறையில் போலிப் பத்திரம் தயாரித்து மாட்டிக்கொண்ட ஒருவர்; எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வக்கீல் என்று பட்டப்பெயர். சின்ன வயதில் அடிவாங்கிப் படித்த அரபி எழுத்து அவருக்கு மறக்கவில்லை, நம்பிக்கைதான் இல்லை. அவர் குர்ஆனை எழுத்துக் கூட்டிப் படிப்பார். அக்கா அனுப்பிய தமிழ் விளக்கத்தைப் பார்த்து நான் பொருள் சொல்வேன். அதன் பிறகு சண்டை பிடித்துக்கொள்வோம். வேலை முடிந்த தறிக்கூடத்தில் மேலும் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் வக்கீலே தொழ ஆரம்பித்துவிட்டார். அநியாயமாக ஓர் உயிரை எடுப்பது பற்றிய வசனம் வந்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. நீதிபதி தீர்ப்பு வாசித்த அன்று நன்றாகவே சாப்பிட்டிருந்தேன்.

பெரிய மனிதர்கள் சிறையைப் பார்வையிட வந்தால் கண்காணிப்பாளர் எங்களைத்தான் காட்டுவார். "இங்க திருந்துறதுக்கு வழி இருக்குங்கய்யா" என்பார். நாங்களும் கடையில் வைத்த பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்போம்.

சென்ற வாரம் தகப்பனார் இறந்தார். அக்கா தொலைபேசியில், "அத்தா போயிட்டாங்கடா. மதியம் எடுக்குறோம். நீ வந்து நின்னாத்தான் அவங்க மனசு ஆறும்" என்றாள். காவலோடு போய்வர அனுமதி கேட்டேன். அதே கண்காணிப்பாளர், "ஆள் சேத்து மதம் படிக்கிறவன வெளிய விட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். திருந்தியவன் ஒரே பேச்சில் ஆபத்தானவன் ஆகிவிட்டேன்.

அதன் பிறகு முற்றத்தில் வக்கீல் என்னிடம், "உடல் எதிர்ல இல்லாட்டியும் தொழலாம்னு நாமதானே படிச்சோம். வா, நீ முன்னாடி நில்லு" என்றார். தறிக்கூடத்தில் படிப்பவர்கள் எல்லாரும் எனக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

பணியில் இருந்த காவலர் கெட்டவர் அல்ல என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டுகிறேன். தொழுபவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். குனிந்தால் தொழுகை, நெற்றி தரையில் பட்டால் தொழுகை. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அறைக்குத் திரும்ப விசில் ஊதிய பிறகும் ஒருவரும் அசையவில்லை, ஒருவரும் குனியவும் இல்லை. "எதுக்குடா நிக்கிற? பதில் சொல்லு" என்றார். பேசினால் தொழுகை முறிந்துவிடும். தகப்பனாருக்காக மன்னிப்புக் கேட்கும் இடத்தில் இருந்தேன். இடக்கை மேல் வலக்கை வைத்துக் கட்டியிருந்தேன்; லத்தி வலக்கையில் விழுந்தது. கையை எடுக்கவில்லை. மறுபடியும் விழுந்தது. முடிக்கும்போது வலப்பக்கம் திரும்பி ஸலாம் சொன்னேன். இடப்பக்கம் திரும்புமுன் இழுத்துப் போனார்கள். ஒரு பக்கம் சொன்னாலே தொழுகை நிறைவேறிவிடும் என்று படித்திருக்கிறேன்.

அதன் பிறகு சிறை மருத்துவமனைக்கு அந்தக் காவலர் வந்தார். கட்டிலருகே நின்று, "ஒரு தடவ குனிஞ்சிருந்தா விட்டிருப்பேனேப்பா" என்றார்.

"அத்தாவுக்காக நின்னேன். அதுக்குத்தான் குனியல" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

இதைக் கலகம் என்று எழுதினால் பின்னால் நின்றவர்களுக்குத் தண்டனைக் குறைப்பு போய்விடும். தறிக்கூடத்தில் படிப்பதும் நின்றுவிடும். புத்தகங்களை இப்போதே எடுத்துப் போய்விட்டார்கள். தண்டனை கொடுத்தே ஆக வேண்டுமென்றால் முன்னால் நின்ற எனக்குக் கொடுங்கள். அவர்களை விட்டுவிடுங்கள்.

அதிகாரி இதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. ஒரு வார்த்தையும் பொய்யில்லை. வலக்கையில் மாவுக்கட்டு போட்டிருப்பதால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளவும்.