‘ஆல்’ என்று முடிபவை

நான் தேநீர் நன்றாகப் போடுவேன். என் தங்கையே அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவளுடைய உணவு ஆலோசகரான நீங்கள் கடைசியில் அந்தத் தேநீரைச் சந்தேகப்பட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அவளுக்குச் சிறு வயதிலிருந்தே வயிறு சரியில்லை. ‘லோ ஃபாட்மேப்’ என்று நீங்கள் சொன்னபோது ஏதோ வரைபடம் தரப்போகிறீர்கள் என்று நினைத்தேன். வந்தது விலக்க வேண்டியவற்றின் பட்டியல். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் எல்லாவற்றையும் வீட்டைவிட்டு வெளியேற்றினீர்கள். கடைசி வரியில், ‘ஆல்’ என்று முடியும் இனிப்புகளும் கூடாது என்றிருந்தது: சார்பிட்டால், மானிட்டால், சைலிட்டால்.

தங்கையின் பேச்சிலும் அப்போது ‘ஆல்’களுக்குப் பஞ்சமில்லை. வெளியூரில் வேலை கிடைத்தால், அங்கேயே வீடு பார்த்தால், தனியாக இருந்தால். அவை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் சுவரும்தான்.

முதல் நேர்முகத் தேர்வன்று உண்மையிலேயே கை தவறிவிட்டது. என் சர்க்கரை நோய்க்காகச் சீனிக்குப் பதில் வாங்கிய சார்பிட்டால் தூள் அவள் கோப்பையில் விழுந்தது. அன்று முழுக்கக் கழிவறையே கதியென்று கிடந்தாள். மாலையில் என் மடியில் தலைவைத்துப் படுத்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த டப்பாவைத் தூக்கி எறியச் சொன்னாள். எறிந்தேன், டப்பாவை மட்டும்.

இரண்டாம் தேர்வன்று கை தவறவில்லை. தாராளமாகவே போட்டேன். விலக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள் அல்லவா, அந்த வாரம் பூண்டு. நீங்களும் பூண்டுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தீர்கள். மூன்றாம் தேர்வன்று பால் மாட்டிக்கொண்டது. இரண்டும் நிரபராதிகள். ஆனால் படித்தவர்கள் தீர்ப்புச் சொல்லும்போது நான் குறுக்கே பேசுவதில்லை.

நான்காம் தேர்வு போன மாதம். வாசற்படியிலேயே மயங்கி விழுந்தாள். உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் பழுதாகிவிட்டதாம். இனி வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். வெளியூர் வேலையை மறந்துவிட வேண்டும் என்று டாக்டர்தான் சொன்னார், நான் சொல்லவில்லை.

இன்று காலை கட்டிலில் கிடந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்?”

மூன்று மாதத்துக்கு முன்பே வேலையில் சேர்ந்திருப்பாள். அதைச் சொல்லி அவள் மனதை நோகடிக்க நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை.