கதவிலிருந்து நாற்காலி வரைக்கும்

இல்லக்கா, பேஷண்ட் நான்தான். எங்கம்மா துணைக்கு வந்தவங்க, ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வாங்க மாடிக்குப் போயிருக்காங்க. பரவால்ல, எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. போன தடவை நர்ஸே அம்மாவைப் பாத்து, உங்களுக்கு எந்த முட்டிம்மான்னாங்க. மூட்டுவாதம்னா நரைச்ச தலைக்குத்தான்னு நானும் நெனச்சேன். பதினாறு வயசுல வரும்னு யாரு கண்டா.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம்க்கா. யாரைப் பாத்தாலும் அப்படியே செஞ்சு காட்டணும். எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் இருமுறது, சித்தப்பா போன்ல கத்தறது, எல்லாம் நம்ம கைவசம். டிரில் மாஸ்டர் காலைத் தாங்கித் தாங்கி நடப்பாரு, அதுக்குத்தான் வகுப்புல ஒன்ஸ்மோர்.

ஒருநாள் காலைல படுக்கைய விட்டு இறங்கறேன், முட்டி மடங்கல. நொண்டிக்கிட்டே சமையலறைக்குப் போனா, அப்பா கை தட்டறாரு. அசல் மாஸ்டரேதான்டி, மூஞ்சிய இன்னும் கொஞ்சம் சுளின்னு டைரக்‌ஷன் வேற. அழுதேன். அழுகை அதைவிடப் பிரமாதம்னுட்டாரு. ரெண்டு மாசம் இப்படியே ஓடிச்சு. முட்டி தேங்கா மாதிரி வீங்கினப்புறம்தான் நம்பினாங்க. புலி வருது கதைதான், என்ன, என் புலி முட்டிக்குள்ள வந்து உக்காந்துச்சு.

இங்க டாக்டர் என்ன பண்ணுவாருன்னா, கதவுலேர்ந்து நாற்காலி வரைக்கும் நடக்கச் சொல்வாரு. பத்துக்கு எவ்வளவு வலின்னு கேப்பாரு. அம்மா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. அந்த மூஞ்சியப் பாத்துட்டு நொண்ட மனசு வருமா? எதிர்வீட்டு அக்கா ஆபீஸ் கிளம்பற மாதிரி ஜம்முனு நடப்பேன். ரெண்டுதான் டாக்டர்ம்பேன். மருந்து கேக்குதுன்னு எழுதிடுவாரு.

தப்புதான்க்கா. மருந்து எனக்கா, எதிர்வீட்டு அக்காவுக்கான்னு நீங்க கேக்கறது நியாயம்தான். வீட்லயா? அம்மா எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே பாத்ரூம்ல பூந்து, ஒரு மணி நேரம் வெந்நீர ஊத்தி முட்டிய இளக்கிக்குவேன். பொண்ணு சுத்தக்காரியாயிட்டான்னு அவங்களுக்குப் பெருமை. இன்னைக்கும் நல்லா நடந்தா மாத்திரையப் பாதியாக் குறைப்பாரு. இல்லன்னா வாராவாரம் ஊசி. காலைலேர்ந்து அம்மா பாதி பாதின்னு ஜபம் பண்றாங்க.

ஆமாக்கா, கூப்பிடறது என் நம்பர்தான். தெரியும், ரெண்டாவது தடவையா கூப்பிடறாங்க. வேற ஒண்ணுமில்ல, பத்து நிமிஷமா எழுந்திருக்கப் பாக்கறேன், கால் வரல. அதான் உங்ககிட்ட இவ்வளவு வாயடிச்சேன்.

நடிப்பில்லக்கா. உங்களுக்கு எந்தக் கை வலிக்காது? அதக் குடுங்க. மெதுவா. எட்டுன்னு சொல்லிடறேன், எட்டுதான் இருக்கும். அதோ அம்மா படியிறங்கி வர்றாங்க. பாக்கட்டும், இப்படியே உள்ள போறேன்.