கேட்காமல் கையெழுத்திடாத ஹம்சா அம்மையாருக்கு

தணிகை மலையடியில் பிறந்து, மலைமேல் மடைப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாய் அமுது சமைத்த குடும்பத்தின் மகளாய் வளர்ந்து, இளநிலை உதவியாளராய் வரித்துறைக்குள் நுழைந்து, இன்று மாநில வரி அலுவலராய் எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரியவராய் வீற்றிருக்கும் ஹம்சா அம்மையார் அவர்களே,

கோப்பைக் கண்டால் கண்ணாடியைத் தேடுபவரே, குறுக்கே பேசினால் குரலை உயர்த்துபவரே, குறை சொல்ல வந்தவருக்கோ நாற்காலியை நகர்த்திப் போட்டு அமரச் செய்பவரே, உங்களுக்கு உங்கள் அலுவலகத்தார் ஒன்றுகூடிச் செலுத்தும் வணக்கம் இது.

பொறுமையின் சிகரமே என்று இந்த இடத்தில் எழுதுவது மரபு. எழுதினால் இந்தக் கூடம் சிரித்துவிடும். ஒரு கோப்பு மேசையில் தூங்கினால் நீங்கள் தூங்காதவர். உட்கார்ந்து பேசுவதைவிட நடந்துகொண்டே பேசுவதுதான் உங்களுக்கு இயல்பு. நீங்கள் தேய்த்த அளவுக்கு இந்த வராந்தாவைப் பெருக்குபவர்கூடத் தேய்த்ததில்லை. இதை வாசித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் நீங்கள் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்திருப்பீர்கள் என்று தெரியும். இன்று நாங்களும் அப்படித்தான் இருக்கிறோம்.

ஏனென்றால் இன்று மாதத்தின் கடைசி நாள். இன்று மாலையோடு நீங்கள் ஓய்வு பெற வேண்டும். ஓய்வுபெற அனுமதிக்கும் ஆணை இன்னும் வரவில்லை. அதற்குப் பதிலாகப் பணியிடைநீக்க ஆணை வந்துவிடுமோ என்று காலையிலிருந்து வாசலையும் கணினியையும் மாறி மாறிப் பார்க்கிறோம். கணேஷ்ராம் கணினியை விட்டு எழவில்லை. மின்னஞ்சல் ஒவ்வொன்றும் வரும்போது கூடமே எட்டிப் பார்க்கிறது. வந்ததெல்லாம் மழைநீர் சேகரிப்பு பற்றிய சுற்றறிக்கையும் மின்கட்டண நினைவூட்டலும்தான்.

ஓய்வு ஆணை கைக்கு வராமல் மாலை போடுவதில்லை என்பது நம் அலுவலகத்து வழக்கம். முன்னொரு காலத்தில் வேறொரு ஊர் அலுவலகத்தில் ஒருவருக்கு மாலை போட்டு, கேசரி கொடுத்து, படமும் எடுத்து முடித்த பிறகு பணியிடைநீக்க ஆணை வந்ததாம். கழுத்து மாலையோடே கையெழுத்திட்டு அதை வாங்கிக்கொண்டாராம் அந்த மனிதர். அந்தக் கதை கேட்ட நாள் முதல் நமக்குப் பயம். அதனால்தான் அடிவாரத்துப் பூக்கடையில் கட்டிய உங்கள் மாலை ஈரத்துணிக்குள் பீரோமேல் இருக்கிறது. கண்ணாடிச் சட்டமும் வந்துவிட்டது. மடலைத்தான் இன்னும் உள்ளே செருகவில்லை.

காத்திருக்கும் நேரத்தில் உங்கள் பணியைச் சொல்லிவிடுகிறோம்.

எல்லையில் சோதனைச் சாவடிகள் இருந்த நாளில் அங்கே நின்று லாரிகளின் சீட்டைப் பார்த்தவர் நீங்கள். புத்தூரிலிருந்தும் நகரியிலிருந்தும் வரும் ஓட்டுநர்களிடம் முதலில் முகத்தைக் காட்டுவீர்கள், அடுத்து அவர்கள் தெலுங்கிலேயே "செப்பண்டி", சொல்லுங்கள் என்பீர்கள், அப்புறம்தான் சீட்டைக் கேட்பீர்கள். சாவடிகள் போயின, வரிகளின் பெயர்கள் மாறின, காகிதம் போய்க் கணினி வந்தது. எது மாறியபோதும், எதிரே நிற்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்காமல் நீங்கள் பேனா மூடியைத் திறந்ததில்லை. நல்லவர்களிடம் நயமாய், ஏய்ப்பவர்களிடம் எரிமலையாய், எங்களிடம் இரண்டுமாய் இருந்தீர்கள்.

உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை எங்களுக்கு வாசித்துக் காட்டியதையும் சொல்ல வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்து கண் சொருகும் நேரமாகப் பார்த்துத்தான் அழைப்பீர்கள். இணையதளத்தில் நோட்டீஸை ஏற்றிவிட்டுப் பதில் வரவில்லை என்றதும் உத்தரவு போட்டுவிடக் கூடாது, அஞ்சலில் அனுப்ப வேண்டும், வேறு வழியிலும் சேர்க்கப் பார்க்க வேண்டும், பாதகமாய் முடிவெடுக்கும் முன் நேரில் கேட்க வேண்டும் என்று வரி வழக்குகளில் நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லி வருவதை வரி வரியாய் விளக்கினீர்கள். ஊழியர்மீது குற்றம் சாட்டினால் ஆதாரத்தின் நகலைக் கொடுக்க வேண்டும், விளக்கத்தைப் பரிசீலிக்க வேண்டும், ஓய்வுபெறும் நாள்வரை சும்மா இருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் கழுத்தைப் பிடிக்கக் கூடாது என்ற தீர்ப்புகளையும் வாசித்தீர்கள். வரித் தீர்ப்புக்குக் குறிப்பெடுத்த நாங்கள் ஊழியர் தீர்ப்புக்குக் கொட்டாவி விட்டோம். அது நம் கூரைக்குக் கீழேயே தேவைப்படும் என்று யார் கண்டார்கள்?

அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருக்கும் காஞ்சனாவின் கோப்பு அப்போதுதான் வந்தது. விற்றதாய்க் காட்டிய கணக்கும் வரி கட்டிய கணக்கும் ஒத்துப்போகவில்லை. நோட்டீஸ் இணையதளத்தில் ஏறியது, நினைவூட்டலும் ஏறியது, பதிவான கைப்பேசி எண்ணுக்குச் செய்தியும் போனது, ஒரு வார்த்தை பதில் இல்லை. விதிப்படி பார்த்தால் அன்றே உத்தரவு போட்டிருக்கலாம். போட்டிருந்தால் வங்கிக் கணக்கு முடங்கும், நூல் வாங்க வழியிருக்காது, தறி நிற்கும். அஞ்சலில் அனுப்பினீர்கள், உறை திரும்பி வந்தது. மாதக் கடைசி நெருங்க, "இன்னும் ஏன் முடிக்கவில்லை" என்று மேலிடத்திலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி.

அப்போது நீங்கள் சொன்னது எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. "அந்தப் பொண்ணு இன்னா சொல்லுதுன்னு கேக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன். கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா ஆச்சா? அவங்க தறி ஓட்டுவாங்களா, அதையே பாத்துகினு இருப்பாங்களா?" சொன்ன கையோடு இளநிலை உதவியாளர் விஜியை அழைத்துக்கொண்டு ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். நோட்டீஸை நேரில் கொடுத்து, விசாரணைக்கு ஒரு நாளும் குறித்துக் கொடுத்துவிட்டு வந்தீர்கள்.

குறித்த நாளில் காஞ்சனா நூல் பை நிறைய ரசீதுகளோடு வந்தார். நீங்கள் நாற்காலியை நகர்த்திப் போட்டீர்கள். அவர் உட்காராமலே சொன்னார். "மேடம், நீங்க மெசேஜ் அனுப்புன நம்பர் எங்களுது இல்லீங்க. ஜெராக்ஸ் கட வெச்சிருந்த ஸ்ரீதருதுங்க. எங்க ஊர்ல பாதி பேருக்கு அவுருதான் பதிஞ்சி குடுத்தாரு, எல்லாருக்கும் அவுரு நம்பரையும் கட விலாசத்தையுமே போட்டுட்டாரு. இப்ப அவுரு மெட்ராஸ்ல கீறாரு, நம்பரையும் மாத்திட்டாரு." பையைக் கொட்டிப் பார்த்தபோது மீதிக் கதையும் தெரிந்தது. ஒரே கைப்பேசியில் பல வீட்டுக் கணக்குகளை வைத்துக்கொண்ட அந்தக் கடைக்காரர், பக்கத்து வீட்டு விற்பனையையும் காஞ்சனாவின் பெயரில் ஏற்றியிருந்தார். கட்ட வேண்டியதைக் கட்டச் சொன்னீர்கள், கட்ட வேண்டாததை நீக்கினீர்கள். காஞ்சனா இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இதற்குத்தான் உங்களுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்திருக்கிறது. உத்தரவை வேண்டுமென்றே தாமதித்தீர்களாம். வரி செலுத்துபவரின் வீட்டுக்கே போனீர்களாம். பெயரில்லாத மொட்டை மனு ஒன்றின்படி அங்கே இரண்டு புடவைகளும் வாங்கினீர்களாம். மனுவின் நகலைக் கேட்டீர்கள், தரவில்லை. நேரில் விளக்க ஒரு நாள் கேட்டீர்கள், பதில் இல்லை. ஊர் முழுக்க எல்லோரையும் கேட்ட உங்களை யாரும் கேட்கவில்லை. இதை எழுதும்போது எங்களுக்குக் கோபம் வருகிறது. பாராட்டு மடலில் கோபத்துக்கு இடமில்லை என்பார்கள். இந்த மடலில் இருக்கிறது.

விஜிக்கு எங்கள் எல்லோரையும்விடக் கோபம். "மேடம் பைய நான்தான் தூக்கிகினு போனேன். டிபன் பாக்ஸும் குடையும்தான் இருந்திச்சு. அந்தம்மா கலர் சோடா வாங்கியாந்தாங்க, மேடம் அதகூடத் தொடல, தண்ணி மட்டும் குடிச்சாங்க. புடவைன்னு சொல்றவங்க என்னைக் கூப்புட்டு கேக்கட்டும்" என்று காலையிலிருந்து வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். விஜியையும் இதுவரை யாரும் கூப்பிடவில்லை.

ஆகவே ஒரு முடிவு செய்திருக்கிறோம். எந்த ஆணை வந்தாலும், எதுவும் வராமலே போனாலும், இந்த மடலை வாசித்து முடித்த கையோடு மாலை உங்கள் கழுத்துக்கு வரும். வழக்கத்தை மீறியதற்கு விளக்கம் கேட்டால் கொடுத்துக்கொள்கிறோம். விளக்கம் கேட்பார்கள் என்றால் எங்களுக்கு அது மகிழ்ச்சிதான்.

அம்மையீர், இனி உங்கள் நடை மருத்துவர் சொன்ன காலை நடையாக மட்டும் இருக்கட்டும். சர்க்கரை கட்டுக்குள் நிற்கட்டும், முழங்கால் உங்கள் பேச்சைக் கேட்கட்டும். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகு ஆற அமர மலையேறி, அவசரமில்லாத ஒரு கும்பிடு போட வாய்க்கட்டும். ஓய்வூதியமும் உரிய மரியாதையும் ஒரு நாளும் தவறாமல் உங்கள் வாசல் வந்து சேரட்டும். உங்கள் மேல் விழுந்த சொல் துடைக்கப்பட்டு, மலைமேல் வீசும் காற்றுபோல் மனம் லேசாகி, நூறாண்டும் தாண்டி நீங்கள் எங்களைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டுகிறோம்.

இவண் என்று போட்டு, அலுவலர்களும் பணியாளர்களும் என ஒரே வரியில் முடிப்பதுதான் இத்தகைய மடல்களின் முறை. அந்த ஒரு வரியைக் கூப்பிட்டு யாரும் விசாரிக்க முடியாது. அதனால் பெயரைப் போட்டு, அறிந்ததை எழுதி, தனித்தனியே கையெழுத்திடுகிறோம். எந்த விசாரணைக்கு அழைத்தாலும் வந்து இதையே சொல்வோம். ஒரு நகல் இன்றே மேலிடத்துக்குப் போகிறது.

விஜி, இளநிலை உதவியாளர். உடன் போனேன். பையைச் சுமந்தது நான். அதில் புடவை இல்லை.

அருள்முருகன், தபால் பிரிவு. திரும்பி வந்த உறையைப் பெற்றுக்கொண்டது நான். அது இன்றும் கோப்பில் இருக்கிறது.

ஷண்முகசுந்தரம், கண்காணிப்பாளர். காஞ்சனா பேசிய அன்று அறையில் இருந்தேன். முழுவதையும் கேட்டேன்.

கணேஷ்ராம், உதவியாளர். சீக்கிரம் முடிக்கச் சொல்லி வந்த தொலைபேசிகளை எடுத்தது நான்.

தணிகைமணி, உதவியாளர். இந்த மடலை எழுதியது நான்.

சினேகா, உதவியாளர். இவர் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருக்கிறார், இரண்டு பிள்ளைகளின் தாய். ஒரு குறிப்பு விழுந்தால் வேலையே போய்விடும் என்று அஞ்சி, இவர் பெயர் வேண்டாம் என்று நாங்கள் ஐவரும் பேசி முடிவு செய்துவிட்டோம். தெரிந்ததும் வந்து நின்றார். "எனக்கு வேணாம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா? என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றார். நாங்கள் பேனாவைக் கொடுத்துவிட்டோம்.