டிஸ்க்கில் இல்லாத பேக்கேஜ்

மதியச் சாப்பாட்டை நாங்கள் பங்கு போட்டுத்தான் சாப்பிடுவோம். யுவராணி கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பு எனக்கு மிகவும் பிடிக்கும். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன், மேடம்.

இரண்டு பேருக்கும் பரளச்சிதான் ஊர். அவள் அப்பா சீனிச்சாமி எங்கள் கரிசல் காட்டில் வெகுகாலம் கூலி வேலை பார்த்தவர். நான் மதுரையில் இன்ஜினியரிங் படித்தேன், அவள் டிப்ளமோ. கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே ஓட்டுகிற பெட்டியைச் செய்வது எங்கள் அருப்புக்கோட்டைக் கம்பெனி. நான் சேர்ந்து ஏழு வருடம் கழித்து அவள் வந்தாள். இரண்டே வருடத்தில், நான் எழுதிய புரோகிராமை அவள் பார்த்துச் சரி சொன்னால்தான் பெட்டிக்குப் போகும் என்று ஆயிற்று. "யுவராணி பாத்துட்டாளா? அப்பச் சரி" என்பார் மானேஜர் மணிகண்டன். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் கிணற்றிலும் ஒரு பெட்டி மாட்டினோம். மாட்டியவர் சீனிச்சாமி, அவருக்கும் கம்பெனியிலேயே வேலை கிடைத்திருந்தது. அன்று என் அப்பா சொன்னார்: "சீனிச்சாமி மக எழுதுனதாம்ல. கெட்டிக்காரப் புள்ள."

"அதுல பாதி நான் எழுதுனதுப்பா" என்றேன்.

"அப்படியா" என்றவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெட்டியில் ஒரு பூட்டு சுவிட்ச் உண்டு. மோட்டாரில் ஆள் வேலை பார்க்கும்போது அதைப் போட்டுவிட்டால், எந்தப் போனில் அழுத்தினாலும் மோட்டாருக்குக் கரண்ட் போகாது. அதைக் கவனிக்கும் பேக்கேஜை, அதாவது புரோகிராமின் அந்தத் தனிப் பகுதியை, எழுதியவள் யுவராணி. நல்ல வேலை. நானே பாராட்டினேன்.

எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றுவது கம்பைலர். இன்னொரு புரோகிராமிலிருந்தும் அதை ஏவலாம். அப்படி ஏவும்போது, "இந்தப் பெயருக்கு இதுதான் பேக்கேஜ்" என்று மெமரியிலேயே பதிவு செய்ய ஒரு வழி உண்டு. சோதனைக்கு வைத்திருக்கிற வசதி அது. டிஸ்க்கில் அதே பெயரில் கோப்பு இருந்தாலும், கம்பைலர் பதிவு செய்ததைத்தான் எடுக்கும். புது வெர்ஷனைக் கம்பைல் செய்யும் வேலை எனக்கு வந்தபோது, அவளுடைய பேக்கேஜின் பெயரில் ஏழு வரிகளைப் பதிவு செய்தேன். கேட்கும்போதெல்லாம் "பூட்டு போடவில்லை" என்று சொல்லும் வரிகள். புது வெர்ஷன் தயாரானதும் பதிவை எடுத்துவிட்டேன். அவள் கோப்பில் நான் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.

முதலில் எங்கள் கிணற்றில்தான் ஏற்றினோம். எழுதியவரே சோதிக்கக் கூடாது என்பது ஆபீஸ் விதி. அதனால் சோதனை என் பொறுப்பு. காலை பதினோரு மணி. நாங்கள் ஆபீஸில் இருந்தோம்; கிணற்றடியிலிருந்து சீனிச்சாமி யுவராணியின் போனில் ஸ்பீக்கரில் பேசினார்.

"தாயி, பூட்டப் போட்டுட்டேன். வயர மாத்தப் போறேன்."

"பீஸப் புடுங்கிட்டீகளாப்பா?"

"எதுக்கு? நீ எழுதுன பூட்டு இருக்குல்ல."

அவள் சிரித்தபடி என்னிடம் திரும்பினாள். "அக்கா, அழுத்திப் பாத்துச் சொல்லுங்க."

அவர் வயரைத் தொடுமுன் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். நான் அழுத்தவில்லை. "சரியா இருக்கு, வேலையப் பாக்கச் சொல்லு" என்றேன். வயரின் தோலைச் சீவுகிற சத்தம் போனில் கேட்டது. அதன் பிறகு அழுத்தினேன்.

அப்பனைக் கொன்ற பெண் என்று ஊர் அவளைப் பேசியது. நான்தான் பக்கத்திலிருந்து தண்ணீர் கொடுத்தேன். அவளைக் கட்டிக்கொண்டு அழவும் செய்தேன், மேடம். பொய்யாக அழவில்லை.

பதினேழாம் நாள் அவள் ஆபீஸுக்கு வந்தாள். தன் கோப்பை மறுபடி கம்பைல் செய்து, கிணற்றிலிருந்து கழற்றி வந்த பெட்டியில் இருந்ததோடு ஒப்பிட்டாள். இரண்டும் வேறு. அந்த வெர்ஷனைத் தயாரித்தவர் பெயர் இருந்த இடத்தில் என் பெயர்.

"எங்கப்பாவ ஒங்களுக்குத் தெரியும்லக்கா" என்றாள்.

சீனிச்சாமியைக் கொன்றது நான்தான். தெரிந்தே செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். யுவராணி கண்டுபிடித்ததாக வாக்குமூலத்தின் மூன்றாவது பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். நானாக வந்து சொன்னேன் என்று போடுங்கள். இதிலுமா அவள் பெயர் வர வேண்டும்?