நல்ல நாள் பார்க்கும் கோட்

வாலாஜாபாத்தில் பஸ் ஏறி, கூட வேலை செய்யும் பெண்ணோடு என் முன்சீட்டில் உட்கார்ந்த இளைஞர் லேப்டாப்பைத் திறந்தார்.

"நாளைக்கு எனக்கு நிச்சயதார்த்தம். இந்த ப்ரோகிராம் பில்டு ஆகி ஓடலன்னா லீவு கிடையாதாம்மா."

அந்தப் பெண் திரையை எட்டிப் பார்த்தாள்.

"நல்ல நாள் பாக்குற கோட் மட்டும்தானே எஸ்எம்எஸ் அனுப்புற மாட்யூலுக்கு வேணும்? கல்யாண மண்டபத்து வெப்சைட்டையே மொத்தமா இழுத்துக்கினு வந்திருக்கியேபா. நாள் பாக்குறதை மட்டும் தனி மாட்யூலா பிரி. வெப்சைட்டு, எஸ்எம்எஸ் ரெண்டும் அங்கேர்ந்து எடுத்துக்கட்டும்."

ஐயம்பேட்டை தாண்டும்போது பில்டு ஓடிவிட்டது. சோதித்துப் பார்க்க அவர் நாளைய தேதியைத் தட்டினார்.

"நல்ல நாள் இல்லன்னு வருதுமா."

"கோட் தப்பா, நாள் குறிச்ச ஜோசியர் தப்பா?"

"கோட் நான் எழுதினது. ஜோசியர் பொண்ணோட தாய்மாமன்."

"அப்ப கோட்தான் தப்பு. லீவு வாங்கிக்கினு போ, வந்து திருத்திக்கலாம்."